சுவரைத் தட்டினால் யார் வருவார்?

குன்னூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பெட்ஃபோர்டிலிருந்து கீழே இறங்கும் சரிவில், ஒரு கூரையை இரண்டு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்ட பழைய ஓட்டு வீடு அது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது அப்பா வாங்கிய பாதி எங்களுடையது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சுவர் பேசிக்கொண்டுதான் இருந்தது. தட்டுவதற்கென்றே பாட்டி ஒரு பித்தளை டம்ளர் வைத்திருப்பார். ஒரு தட்டு என்றால் குழம்பு வைத்திருக்கிறேன், கிண்ணம் கொண்டுவா. விடாமல் தட்டினால் உடனே வா. மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் வராத ஊர். செல்ஃபோன் வந்த பிறகும் அந்த டம்ளருக்கு வேலை இருந்தது.

2014-ல் அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. மலைக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, அவரையும் அம்மாவையும் கோயம்புத்தூருக்கு என்னிடம் அழைத்துவந்தேன். வீட்டை ஒரு நர்ஸ் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். கணவர் வேன் ஓட்டுகிறவர், கைக்குழந்தையாக ஒரு பெண். கிளம்பும் முன் அப்பா அந்த நர்ஸிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். பின்பக்கத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் நாளில் வால்வை எப்படித் திறப்பது, சுவரைத் தட்டினால் என்ன அர்த்தம். "பாப்பா, பக்கத்துல அம்மா தனியா இருக்காங்க, பாத்துக்கம்மா" என்றார். பதினோரு மாதப் பத்திரம் ஒன்றும் எழுதினோம். அதை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. எட்டு வருடம் அந்தக் குடும்பம் அங்கே இருந்தது. அப்பா 2019-ல் இறந்தபோது, நைட் டூட்டி முடித்த கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்தான்.

2022-ல் அவர்களை நான் காலி செய்யச் சொன்னேன். வீட்டைக் காட்டேஜ் ஆக்குவதற்காக, அதாவது சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காக. இதை எழுதாமல் நெடுநாள் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். சமீபத்தில் தெரிந்தவர் ஒருவர், ஊட்டியில் இரண்டு ஃபிளாட் வாங்கி ஹோம் ஸ்டே போடலாமா, நீ நடத்தியிருக்கிறாயே, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். போடு என்றும் சொல்ல முடியவில்லை, போடாதே என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு

கணக்கு எளிமையானது. மாத வாடகை 8,000 ரூபாய், வருடத்துக்கு 96,000. கொரோனா அடங்கிய கையோடு மலையில் கூட்டம் அலைமோதியது. சித்தப்பா மகன் அப்போதே கோத்தகிரி ரோட்டில் இரண்டு காட்டேஜ் நடத்திக்கொண்டிருந்தான். "அக்கா, சீசன்ல ஒரு சனி ஞாயிறுக்கே உன் ஒரு மாச வாடகை வந்துரும்" என்றான். அது பொய்யில்லை. பின்னாளில் நானே பார்த்தேன்: வருடத்துக்கு 110 இரவுகள் போல ஆள் வந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 20 சதவீதம், சலவை, கேஸ், கோடையில் தண்ணீர் லாரி, எல்லாம் போக மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் நின்றது. அம்மாவின் மருந்துச் செலவு, மகன் கல்லூரி என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. அவற்றை நான் இன்றும் பொய்யென்று சொல்லமாட்டேன்.

நர்ஸிடம் சொன்னதுதான் பொய். ஃபோனில்தான் சொன்னேன், நேரில் போகத் தைரியம் வரவில்லை. "வாடகையை ஏத்திக் குடுக்கறோம்க்கா, பத்தாயிரம்னாலும் சரிதான்" என்றார். "இல்லம்மா, வீடு எங்களுக்கே வேணும்" என்றேன். எங்களுக்கு வேண்டியிருந்தது வீடு அல்ல, அந்த வீட்டின் சனி ஞாயிறுகள். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. மூன்று மாதம் குன்னூர் முழுக்க வீடு தேடினார்கள். புரோக்கர் காட்டிய இடங்களில் பாதி, சீசனில் மட்டும் காலி செய்துகொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தன. ஏப்ரல், மே இரண்டு மாதம் பாத்திரம் பண்டத்தோடு எங்காவது போய்விட்டு ஜூனில் திரும்ப வா என்று பொருள். பள்ளிக்கூட வருடம் முடிந்ததும் அவர்கள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் மலை ஏறி வேலைக்கு வந்து, வேலை முடித்து மலை இறங்குகிறார்.

வந்த கெஸ்ட்டுகளைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் பாட்டில், பாட்டு, ரகளை என்று ஒரு படத்தைத்தான் காட்டுகிறார்கள். என் வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளோடு வந்து, சிம்ஸ் பார்க்கையும் மலை ரயிலையும் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குத் தூங்கினவர்கள். படுக்கையை மடித்து வைத்துவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. கெட்ட கெஸ்ட்டைக் கட்டுப்படுத்தினால் இந்தத் தொழிலின் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: நல்ல கெஸ்ட்டுகள் மட்டுமே வந்த வீட்டில்தான் நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தது.

ஆரம்பத்திலேயே சில உறுத்தல்கள் இருந்தன. ரேலியா அணைத் தண்ணீரைக் கோடையில் பல நாளுக்கு ஒரு முறைதான் விடுவார்கள். தெருவில் எல்லோரும் குடத்தை எண்ணி வாழும்போது என் வீட்டு வாசலுக்கு மட்டும் லாரி வந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் வீடுகளுக்கு இலவசம் என்று அரசு தருகிறது அல்லவா, அதுவும் எனக்கு வந்துகொண்டே இருந்தது. பில்லைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: இது யாருடைய விளக்குக்காகக் கொடுத்தது? யாரும் குடியிராத வீட்டின் கீஸருக்கா? அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் பில்லோடு சேர்த்து மடித்து வைத்துவிடுவேன். அனுமதி, பதிவு என்று எதையும் நான் வாங்கவில்லை. கெஸ்ட்டுகள் வீட்டைப் புக் செய்யும் இணையதளம் என் அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் கேட்டது, அறைகளின் படங்களைக் கேட்டது. அந்த வீட்டில் இதற்கு முன் யார் குடியிருந்தார்கள் என்று கேட்கவில்லை. ராத்திரியில் அங்கே யார் இருப்பார்கள் என்றும் கேட்கவில்லை.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

2024 ஆகஸ்ட் முதல் வாரம். வயநாட்டில் மலை சரிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நீலகிரியிலும் விடாத மழை. பயந்துபோய் எல்லோரும் புக்கிங்கை ரத்து செய்துவிட்டார்கள். வீடு பத்து நாளாகப் பூட்டிக் கிடந்தது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு என் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுகள். ஆள் வராத நாளில் அவர் வருவதில்லை, அதில் தப்பும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணி சுமாருக்குப் பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஃபோன் சமையலறையில். எப்படியோ நகர்ந்து வந்து, கைக்குக் கிடைத்த செம்பால் சுவரைத் தட்டியிருக்கிறார். காலையில் ஆறு மணிக்குப் பால்காரப் பையன் வந்து, கதவு திறக்காததால் ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. ஏழு மணி நேரம்.

நான் போனபோது வார்டில் பாட்டியின் தலைமாட்டில் நின்று தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தது என் பழைய குடித்தனக்காரப் பெண். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான் அது. டூட்டி முடிந்தும் போகாமல் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போனார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. தன் மறதியைச் சொல்வது போலத்தான் சொன்னார். "தட்டிட்டேதான் இருந்தேன் கண்ணு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு, அங்க யாரும் இல்லீன்னு."

பத்து நாளைக்கு முன்பு வந்து தங்கியிருந்த ஒரு கெஸ்ட் எழுதிய மதிப்புரை அப்போது என் ஃபோனில் கிடந்தது. ஐந்து நட்சத்திரம். "ஊருக்குள்ளேயே இருந்தாலும் அக்கம்பக்கத்தில் யாருமே இல்லாதது போல அவ்வளவு அமைதி." அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

அன்று பஸ்ஸில் கோயம்புத்தூர் திரும்பும்போது ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வருடத்தில் 110 இரவுகளுக்குத்தான் எனக்குப் பணம் வந்தது. அதைத்தான் இதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். மீதி 255 இரவுகளை நான் எண்ணியதே இல்லை. ஆள் இருந்த இரவுகளிலும்கூட, சுவரைத் தட்டினால் அர்த்தம் புரிகிற ஆள் யாரும் அங்கே இல்லை. எட்டு வருடம் ஒரு குடும்பம் தினமும் கொடுத்துவந்த ஒன்றை நான் விற்றிருக்கிறேன். அதற்கு விலை போட்டவரும் இல்லை, அது பாட்டிக்கும் பங்குள்ள சொத்து என்று எனக்குச் சொன்னவரும் இல்லை.

மூன்று காற்று மெத்தைகள்

அதன்பிறகு சில மாதங்கள், மற்ற ஊர்களில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. இந்தத் தொழில் தொடங்கியபோது அதில் ஒரு நியாயம் இருந்தது. 2007 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை கட்ட முடியாத இரண்டு இளைஞர்கள், டிசைன் மாநாட்டுக்கு வந்து ஹோட்டல் கிடைக்காமல் திண்டாடியவர்களுக்குத் தங்கள் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு இடம் கொடுத்தார்கள். வீடுகளை நாள் வாடகைக்குப் புக் செய்யும் ஏர்பிஎன்பி இணையதளத்தின் தொடக்கம் அதுதான். அந்த இளைஞர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள். யாரும் காலி செய்யவில்லை, யாரையும் காலி செய்யச் சொல்லவும் இல்லை. இருக்கிற வீட்டில் இன்னும் மூன்று பேருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து, வீட்டுக்காரரே இல்லாத வீடுகளும், ஒரே ஆள் கையில் இருபது முப்பது சாவிகளும் என்று ஆனபோதுதான் ஊர்கள் விழித்துக்கொண்டன.

நியூயார்க் 2023 செப்டம்பரில் நடைமுறைப்படுத்திய சட்டம் கிட்டத்தட்ட அந்தக் காற்று மெத்தை நாளுக்கே திரும்பச் சொல்கிறது. 30 நாளுக்குக் குறைவாக ஆளைத் தங்கவைத்தால் வீட்டுக்காரர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், அதே வீட்டில் கூடவே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது, உள்ளறைகளைப் பூட்டிவைக்கவும் கூடாது. சட்டத்தின் கூர்மை வேறொரு இடத்தில் இருக்கிறது. பதிவு இல்லாத வீட்டுக்குப் பணம் வாங்கித் தந்தால் இணையதளத்துக்கே அபராதம். தெருத் தெருவாக வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் வேலை அதனால் பெருமளவு குறைந்துபோனது. அதற்காக வாடகை இறங்கிவிட்டதா என்றால் இறங்கவில்லை, ஹோட்டல்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம் என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. லட்சக்கணக்கில் வீட்டுப் பற்றாக்குறை உள்ள நகரத்தில் ஒரு சட்டத்தால் வாடகை இறங்காது. ஆனால் வாடகையை மட்டும் வைத்து இதை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாட்டியின் சுவர் எந்த வாடகைப் பட்டியலிலும் வராது.

பார்சிலோனா உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தப் பார்த்தது. ஒரு கட்டத்தில் புதிய உரிமங்களை நிறுத்தியது. பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் ஏறியிருந்தது. 2024 ஜூனில் மேயர் ஜாமே கொல்போனி, இருக்கிற 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களில் ஒன்றைக்கூட 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். நல்லதோ கெட்டதோ, காலம் கடந்து விழிக்கும் ஊர் இப்படி ஒரே வீச்சில் வெட்டத்தான் நேரும். முறையாக உரிமம் வாங்கி, வரி கட்டி, ஒழுங்காக நடத்தியவர்களும் அதில் சேர்ந்து அடிபடுகிறார்கள். எங்கள் மலை அந்த இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

படித்ததில் என்னை உட்கார வைத்தது கியோட்டோ. ஜப்பான் முழுமைக்குமான சட்டம் 2018 ஜூனில் வந்தது: வருடத்துக்கு 180 இரவுகள்தான், பதிவு எண் கட்டாயம், வீட்டுக்காரர் இல்லாத வீடென்றால் பதிவுபெற்ற நிர்வாகி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்பே ஏர்பிஎன்பி இணையதளத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தில் நான்கு வீடுகள் நீக்கப்பட்டன. கியோட்டோ நகரம் அதற்கும் மேலே இரண்டு படி ஏறியது. குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மட்டும்தான் அனுமதி. செர்ரிப் பூவும் இல்லாத, இலையுதிர் நிறங்களும் இல்லாத, கூட்டம் குறைந்த குளிர்காலம் அது. சீசனில் தெருவை அங்கே வாழ்கிறவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி, கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைப் படித்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். யாரோ ஒருவர் சட்டம் எழுதும் மேஜையில் உட்கார்ந்து, சுவரைத் தட்டினால் யார் வருவார் என்று யோசித்திருக்கிறார்.

கோத்தகிரி அம்மா

கோத்தகிரிப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் பெங்களூரில். தன் வீட்டிலேயே இரண்டு அறைகளை ஏழெட்டு வருடமாக வாடகைக்குக் கொடுக்கிறார். சமையலும் அவரே. காலையில் கேழ்வரகுக் களியும் கீரையும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. "கட்டுப்பாடு வேணும்னு எல்லாரும் பேசறாங்க, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று அவரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டு நேரத்துக்கு அவங்க வந்தா அது வீடுங்க. அவங்க நேரத்துக்கு நாங்க ஓடுனா அது லாட்ஜுங்க. லாட்ஜுக்கு என்ன சட்டமோ அதைப் போடுங்க. வீட்டுக்குப் போடாதீங்க."

ஒன்பது மணிக்குமேல் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார். அதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஒரு முறை நள்ளிரவில் கெஸ்ட் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தபோது பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி ஜீப் எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் யாரென்று தெரியும், அவருக்கும் அவர்களைத் தெரியும். வருகிற ஆள் அந்த உறவுக்குள் இரண்டு நாள் வந்து போகிறார். என் வீட்டில் அந்த உறவையே எடுத்துவிட்டு, வெறும் கட்டிலைப் போட்டிருந்தேன்.

மத்திய சுற்றுலாத் துறை வெகுகாலமாக நடத்திவரும் ஹோம் ஸ்டே அங்கீகாரத் திட்டத்திலேயே இந்தக் கோடு இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு அறைகள் வரை, பன்னிரண்டு கட்டில்களுக்கு மேல் போகாமல், முக்கியமாக, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஹோம் ஸ்டே என்ற சொல்லுக்கு அரசு வைத்திருக்கும் பொருள் அது. நானும் சித்தப்பா மகனும் இன்னும் எத்தனையோ பேரும் நடத்தியது அதுவல்ல, ஆனால் அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொண்டோம்.

எங்கள் மலையில்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம், வருகிற வண்டிகள் முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த வருடம் எண்ணிக்கையையே நிர்ணயித்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய ஐஐடி சென்னையையும் ஐஐஎம் பெங்களூரையும் நியமித்தார்கள். இதை நான் வரவேற்கிறேன். மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் எண்ணாக எழுதியது சாதாரண விஷயமில்லை. ஆனால் வண்டிக்கு உச்சவரம்பு வந்தது, கட்டிலுக்கு வரவில்லை. எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் குடும்பங்களிடமிருந்து கைமாறின என்பதை இ-பாஸ் சொல்லாது.

சீல் வைப்பது நமக்குத் தெரிந்த வழி. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானைமீது தீப்பற்றிய பொருளை வீசினார்கள், அந்த யானை இறந்தது. கைதானவர்கள் அனுமதியில்லாமல் தங்கும் அறைகளை நடத்தியவர்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. உடனே சோதனை, நோட்டீஸ், சீல். ஒரு யானை எரிந்த பிறகுதான் அந்தக் கட்டிடத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்கத் தோன்றியது. குடியிருப்பு என்று சொல்லி அனுமதி வாங்கிக் கட்டி, காட்டேஜாக ஓட்டுவது மலையில் எல்லோரும் அறிந்த ரகசியம். பத்தில் ஒருவருக்குச் சீல் வைத்து, மற்ற ஒன்பது பேர் நடத்தும்போது, சீல் என்பது நீதியாகத் தெரிவதில்லை, அதிர்ஷ்டக் குறைவாகத்தான் தெரிகிறது. பயந்துபோய் ஒதுங்குவதும் கோத்தகிரி அம்மா மாதிரி ஆட்கள்தான். வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் ஒதுங்குவதில்லை.

எனக்குப் புரிந்த வரையில் வழி வேறு இடத்தில் இருக்கிறது, பாதி வழி போட்டும் ஆகிவிட்டது. ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே வரவு உள்ளவர்கள் ஜிஎஸ்டி பதிவே எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களின் அறைகள் இணையதளம் வழியாகப் புக் ஆனால், வரியைக் கட்டும் பொறுப்பு இணையதளத்தின் தலையில் என்று சட்டம் வைத்திருக்கிறது. அப்படியென்றால் என் வீடு எத்தனை இரவு விலைபோனது என்பது எங்கோ ஒரு கணக்கில் இருக்கிறது. வரிக்காக எண்ணத் தெரிந்த இரவுகளை ஊருக்காகவும் எண்ண முடியும். உள்ளாட்சி கொடுத்த பதிவு எண் இல்லாத வீட்டைப் பட்டியலில் காட்டக் கூடாது என்று இணையதளத்துக்கு விதி போட்டால் பெரும்பகுதி வேலை அங்கேயே முடியும். வீட்டுச் சொந்தக்காரரை அதிகாரி துரத்த வேண்டியதில்லை, அதில் கைமாறும் கவரும் குறையும்.

பதிவு கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி அங்கே யார் தூங்குவார்கள் என்பது. வீட்டுக்காரரே என்றால் ஒரு பக்க விண்ணப்பம், சொற்பக் கட்டணம், அத்தோடு விட்டுவிடலாம். வீட்டு மின்கட்டணமும் அவருக்கு இருக்கட்டும். யாரும் இல்லை என்றால் அது தொழில். தொழிலுக்கான மின்கட்டணம், சொத்துவரி, தீயணைப்பு ஏற்பாடு, வருடத்துக்கு இத்தனை இரவு என்ற வரம்பு, பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஒரு ஆளின் பெயரும் எண்ணும் அக்கம்பக்கத்து வீடுகளின் கையில். இதைச் சொன்னால், "யாரோ ஒரு கேர்டேக்கரின் பெயரைப் போட்டுவிட்டுப் போவார்கள்" என்று சித்தப்பா மகன் சொல்கிறான். ஒரே பெயர் ஆறு வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடுமே, அதற்குத்தானே பதிவேடு.

இரண்டாவது கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் இந்த வீட்டில் வாடகைக்குக் குடும்பம் இருந்ததா? இருந்ததென்றால் உடனே காட்டேஜ் ஆக்க முடியாது, இத்தனை காலம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019-லிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும், ஆகவே சரிபார்க்க ஒரு ஆவணம் இருக்கும். காலி செய்தவுடன் லாபம் வராது என்று தெரிந்தால் காலி செய்யச் சொல்லும் கை கொஞ்சம் தயங்கும். பெர்லினில் குடியிருப்பு வீட்டை வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் டீ ஃபேக்டரியிலும் வேலை பார்க்கிறவர்கள் மலையிலேயே குடியிருக்க முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு மூடும் நாளில் வார்டில் யார் இருப்பார்கள்?

சொத்து என்னுடையது, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அரசு ஏன் சொல்ல வேண்டும் என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா ஓவர்டைம் பார்த்து வாங்கிய வீடு அது. ஆனால் அந்தக் காட்டேஜில் நான் விற்றது நான்கு சுவரை மட்டுமா? சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கும் தெருவையும், அளந்து விடும் தண்ணீரையும், ராத்திரி ஒன்பது மணிக்கு அடங்கும் அமைதியையும் சேர்த்துத்தான் விற்றேன். மதிப்புரையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது அதற்குத்தான். அதில் எதற்கும் அப்பா பத்திரம் வைத்திருக்கவில்லை.

2024 செப்டம்பரில் இணையதளத்தில் வீட்டை நிறுத்தினேன். அன்று மாலையே நர்ஸுக்கு ஃபோன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார், இறங்கிக்கொண்டிருக்கும் பஸ். பாட்டி வாக்கர் பிடித்து நடக்கிறார் என்றேன். "தெரியும்க்கா, நேத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்" என்றார். வீடு காலியாக இருக்கிறது, அதே எட்டாயிரம் போதும், திரும்ப வந்துவிடுங்கள் என்றேன். வீடு எங்களுக்கே வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னது உண்மையில்லை என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் பஸ்ஸின் கியர் சத்தம் மட்டும் கேட்டது. "பாப்பாவை இங்க ஸ்கூல்ல சேர்த்தாச்சுக்கா, அஞ்சாவது படிக்கறா. அவரும் இங்கயே வண்டி ஓட்டறாரு. இனிமே மாத்த முடியாதுக்கா" என்றார். "நல்ல ஆளுங்களாப் பாத்து விடுங்க. வர்றவங்ககிட்ட சுவர் விஷயத்தை மட்டும் மறக்காம" என்று சொல்லும்போது பஸ் பர்லியாறைத் தாண்டியிருக்க வேண்டும், சிக்னல் போய்விட்டது.